ஆவாரங்கண்மாயின் பங்காளிகள்

வைகாசி மூன்றாம் தேதி, தார் இளகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும் வெயிலில், காலை பத்தேகால் மணிக்கு, மாவிலிப்பட்டி சீதாலட்சுமி திருமண மண்டபத்தில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஆறு கண்மாய்கள் வந்து சேர்ந்தன. அழைத்திருந்தார்கள், வந்தன, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் கேட்பார்கள். அழைப்பை எழுதியவள் அன்னமயில் என்ற மாணவி. அதில் அவள் ஒரு சொல்லை மாற்றி எழுதிவிட்டாள்.

அன்னமயிலுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. தனியார் பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த வேலையை ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விட்டுவிட்டு, மதுரைக்குப் போய்க் காலநிலை, சுற்றுச்சூழல் கொள்கை முதுகலைப் படிப்பில் சேர்ந்தவள். "அதென்ன படிப்பு, மழை எப்ப வரும்னு சொல்றதா?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு முதல் வருடம் பொறுமையாக விளக்கம் சொன்னாள், இரண்டாம் வருடம் "ஆமா" என்று சொல்லிவிட்டாள். மாடு ஏப்பம் விட்டால் வானத்துக்கு என்ன ஆகும், துருவத்துப் பனி உருகினால் தூத்துக்குடியில் எந்தத் தெரு முதலில் போகும், எந்த மாநாட்டில் எந்த நாடு எந்த வரியை அடிக்கச் சொல்லி விடியவிடிய மல்லுக்கு நின்றது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இத்தனையையும் படித்து, எல்லாவற்றுக்கும் ஸ்லைடு போட்டு, பேராசிரியர்களிடம் நல்ல பேரும் வாங்கி, கடைசியில் ஒரே ஒரு புராஜெக்ட் மட்டும் மிச்சமிருந்தது.

அந்தப் புராஜெக்டைப் பசும்பாதை ஆலோசனை நிறுவனத்தில் செய்தாள். மாவிலிப்பட்டிக்கு வடக்கே நூற்றுப்பத்து ஏக்கரில் கிடந்த ஆவாரங்கண்மாயை மேடாக்கிச் சரக்குப் பெட்டி முனையம் கட்டப்போகிறார்கள். அதற்கான சுற்றுச்சூழல் அறிக்கை இந்த நிறுவனத்துடையது. பதினோரு வருடமாகத் தண்ணீர் நிற்காத கண்மாய், ஆகவே செத்துப்போன கண்மாய் என்று ஆங்கிலத்தில் அழகான வார்த்தைகளில் அறிக்கை சொல்லியது. அந்தப் பதினோரு வருடத்துச் செயற்கைக்கோள் படங்களையும் வரிசையாக அடுக்கி, வருடத்துக்கு வருடம் நீலம் குறைந்து பழுப்பு ஏறியதை வண்ணப்படமாகப் போட்டுக் கொடுத்தவளே அன்னமயில்தான். இனி ஊர்க்கூட்டம் ஒன்று நடத்தி, வந்தவர்கள் பெயரை எழுதி, கடைசிக் கட்டத்தில் 'எதிர்ப்பு இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அவள் வேலை முடிந்தது.

நிறுவனத்தின் தலைவர் சாம்பசிவம் கெட்டவர் என்று சொல்ல முடியாது. களப்பணிக்குப் போகும் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று போன் போட்டுக் கேட்கிற மனிதர். "தண்ணியே இல்லாத கண்மாய யாரும்மா தேடப்போறா? அந்த ஒரு வரிய எழுது, சான்றிதழ்ல நான் கையெழுத்துப் போடறேன், வைவா முடிச்சிட்டு நீ சென்னைக்கு வேலைக்குப் போ" என்றார். அவர் கையெழுத்து இல்லாமல் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு கிடையாது, வைவா இல்லாமல் பட்டம் கிடையாது, பட்டம் இல்லாமல் அவளுக்கென்று எடுத்துவைத்திருந்த சென்னை வேலையும் கிடையாது. அன்னமயில் சரி சார் என்றாள்.

கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும். ஸ்டேக்ஹோல்டர் என்ற சொல்லோடு இரண்டு வருடம் தின்று உறங்கியவள், அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது முழித்தாள். பங்குதாரர் என்று அகராதி சொன்னது. அது சீட்டுக் கம்பெனி விவகாரம் மாதிரி அவளுக்குப் பட்டது. ஊர் ஜனத்துக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று, 'உயிரற்றுப்போன ஆவாரங்கண்மாய் தொடர்பாக, கண்மாயின் பங்காளிகள் அனைவரும் தவறாது கலந்துகொள்ள வேண்டுகிறோம்' என்று எழுதி, அச்சகம் வைத்திருந்த கனி பாயிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். பாய் முப்பது வருடமாகக் கருமாதிப் பத்திரிகை அடிக்கிறவர். உயிரற்றுப்போன என்று ஒரு சொல், பங்காளிகள் என்று ஒரு சொல், இரண்டையும் பார்த்ததும் அவர் கை தானாகவே போய்க் கறுப்புப் பார்டரை எடுத்துப் போட்டுவிட்டது.

"என்ன பாய் இது, எழவுப் பத்திரிகை மாதிரி இருக்கு?"

"நீ எழுதுனது எழவுச் சேதிதானம்மா. தப்பா நெனச்சுக்காத, எனக்கே படிக்கையில சங்கடமாத்தான் இருந்துச்சு. நான் மீன் புடிச்ச கண்மாயி."

திரும்ப அடிக்க நேரமில்லை. நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் ஒட்ட வேண்டும் என்பது விதி. விதியை விடாமல் கடைப்பிடிக்கிற பெண் அவள், ஆகவே மைதாப் பசை வாளியை ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு, ஆவாரங்கண்மாய்க்கு மேலேயும் கீழேயும் ஒன்றின் கலுங்கு வழிந்து அடுத்ததற்குப் போகும்படி வரிசையாக இருந்த ஆறு கண்மாய்களுக்கும் போய், ஒவ்வொன்றின் மடைத்தூணிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டு வந்தாள். ஒரே தண்ணீரை மேலிருந்து கீழாகப் பிரித்துக் குடித்து வளர்ந்த கண்மாய்கள் அவை. அந்தத் தண்ணீரில் ஆவாரங்கண்மாய்க்குப் பங்காளிகள் என்று யாராவது உண்டென்றால் அவைதான்.

வந்தன. மேல்கண்மாயான பெரியமடை முன்னால் வந்தது, அதன் பின்னால் நாரைகுடி, சாத்தனேந்தல், கடம்பங்கண்மாய், மூக்கன் ஏந்தல், எல்லாவற்றுக்கும் கடைசியில் இளையான் கண்மாய். தண்ணீர் வருகிற வரத்துக்கால் நெடுக வீட்டுமனைகள் ஆகிவிட்டபடியால் தார்ச்சாலை வழியாகவே வந்தன. சாலையின் இடது ஓரமாக, முழங்கால் உயரத்தில், கரை என்று ஒன்று இல்லாமலே சிந்தாமல் சிதறாமல் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வந்தன. ரயில்வே கேட் போட்டிருந்தது, நின்றன. பாசஞ்சர் போனது, கேட் திறந்தது, நடந்தன. கோடையில் எந்தக் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் இருந்துவிடப் போகிறது, இருந்த கொஞ்சத்தையும் வீட்டில் வைக்காமல் அள்ளிக்கொண்டு வந்திருந்தன, அதற்குள்ளே கெளுத்தியும் விராலும் கூடவே வந்தன, மேலே கொக்குகள் நிழல் பிடித்துக்கொண்டு வந்தன. மண்டப வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் ஒரு நிமிடம் நின்று, வயிற்றில் கிடந்த ஆகாயத்தாமரை, பாலிதீன் பை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, துருப்பிடித்த சைக்கிள் ஒன்று எல்லாவற்றையும் அங்கே விட்டுவிட்டு உள்ளே போய், ஆண்கள் பக்கமும் இல்லாமல் பெண்கள் பக்கமும் இல்லாமல் நடுவில் உட்கார்ந்தன.

மேடையில் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டிருந்த அன்னமயில் எழுந்து நின்றாள். ஜன்னல் வெயில் தண்ணீரில் பட்டு மண்டபத்து மேற்கூரை முழுக்க வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது, கூட்டத்துக்கு வந்த நானூறு பேரும் பேச்சை விட்டுவிட்டு அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கைக்குழந்தைகள்கூட அழவில்லை. ஈரமண் வாசனை சாம்பார் வாசனையை அமுக்கிக்கொண்டு அடுப்படி வரைக்கும் போனது. அத்தனை ஸ்லைடுகளிலும் அன்னமயில் கண்மாயை மேலே இருந்துதான் பார்த்திருந்தாள். எதிரே உட்கார்ந்து தன்னைப் பார்க்கும் கண்மாயை இப்போதுதான் பார்க்கிறாள்.

ஊர் எப்படியும் ஒரு வழிக்கு வந்துதானே ஆக வேண்டும். முதலில் போன்கள் அடிக்கத் தொடங்கின. "ஏ மாப்ள, எங்க நாரைகுடி அங்கிட்டு வந்துருக்கா? காலையிலருந்து காணோம்" என்று ஒருவர், "வந்துருக்கு மாமா, நல்லாத்தான் இருக்கு, முன்வரிசையில ஒக்காந்துருக்கு" என்று இவர். சமையல்காரர் வந்து இலை எத்தனை கூடுதலாகப் போட வேண்டும் என்று கேட்டார். மின்விசிறியைப் போடலாமா, போட்டால் தண்ணீர் வற்றுமா என்று ஒரு சின்ன விவாதம் நடந்து, வேண்டாமென்று முடிவாகி, கொக்கு ஒன்று அந்த விசிறியிலேயே உட்கார்ந்துகொண்டது.

ஊராட்சித் தலைவி பஞ்சவர்ணம் மட்டும் வந்தவர்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தைந்து வயது, அவள் வாய்க்குப் பயந்து கலெக்டர் ஆபீஸிலேயே நாற்காலி போடுவார்கள். கண்மாய்களின் ஓரத்தில் சடைசடையாக வளர்ந்து கிடந்த சீமைக்கருவேலம் ஒன்றுகூட இன்று இல்லை, விளிம்பெல்லாம் மழமழவென்று இருந்தது.

"மொட்டை போட்டுட்டு வந்துருக்காக" என்றாள் பஞ்சவர்ணம் மெதுவாக. "பங்காளிகள்ல, போட்டுத்தான ஆகணும். துட்டிக்கு வந்துருக்காக."

அதைக் கேட்டதும் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் சிக்கல் வந்தது. வீடு தேடி வந்தவரை வாங்க என்று சொல்லாமல் உட்காரவைப்பது அந்தப் பக்கத்தில் பெரிய அவமரியாதை. ஆனால் சாவு வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லக் கூடாது, சொன்னால் சாவை விருந்துக்கு அழைத்தது மாதிரி ஆகிவிடும். இது எந்த வீடு? ஆவாரங்கண்மாய் செத்தது உண்மையென்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், உயிரோடு இருக்கிறதென்றால் இவ்வளவு நேரம் வாங்க என்று சொல்லாமல் இருந்ததே பெரிய குற்றம். நானூறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆறு கண்மாய்களும் அலையடிக்காமல் காத்திருந்தன.

சாம்பசிவத்துக்கு இது கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த கதையாகிவிட்டது. கூட்டத்தை நடத்த வந்து மேடையில் உட்கார்ந்திருந்த வருவாய்க் கோட்டாட்சியரின் காதோரம் குனிந்து, "பாருங்க சார், சொந்தப் பங்காளிகளே மொட்டை போட்டு வந்துட்டாங்க. செத்துப்போச்சுன்னு அவங்களே ஒத்துக்கிட்டதாத்தானே அர்த்தம்? இதுக்கு மேல என்ன சார் ஆதாரம்?" என்றார். கோட்டாட்சியர் இளம் வயதுக்காரர், பணியில் சேர்ந்து எட்டு மாதம், பயிற்சியில் அவருக்குக் கண்மாயை எப்படி விசாரிப்பது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. யோசித்துப் பார்த்து, அதுவும் சரிதான் என்று தலையாட்டினார்.

"எழுதும்மா" என்றார் சாம்பசிவம். "பங்காளிகள் ஆறு பேர் வருகை. எதிர்ப்பு இல்லை."

அன்னமயில் 'பங்காளிகள் ஆறு பேர் வருகை' என்று எழுதினாள். பேனா அதற்கு மேல் நகரவில்லை. கீழே பெரியமடையின் தண்ணீரில் ஒரு விரால் மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போனது. உயிரற்றுப்போன என்று எழுதிய கை இந்தக் கைதான். அதை எழுதுவதற்கு முன் அந்தக் கண்மாய்க்குள் ஒரு தடவையாவது இறங்கிப் பார்த்தாளா? கரையோடு ஸ்கூட்டியில் போனாள், போனில் படம் எடுத்தாள், அவ்வளவுதான். முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒருத்தியைச் செத்தவள் என்று ஊருக்கெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறாள், அதை நம்பி அவள் பங்காளிகள் வெயிலில் மொட்டைத் தலையோடு நடந்து வந்திருக்கிறார்கள். வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பட்டம், வைவா, சென்னை எல்லாம் ஒரு பக்கம் நிற்க, அவள் மேடையை விட்டு இறங்கிப் பெரியமடையின் முன்னால் போய்க் கைகூப்பினாள்.

"வாங்க" என்றாள்.

மண்டபம் மூச்சை இழுத்துக்கொண்டது. தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை.

"நீ சொன்னா ஆச்சா ஆத்தா?" என்றாள் பஞ்சவர்ணம். அவள் குரலில் கேலி இல்லை. "வீட்டுக்காரவுக சொல்லணும்ல."

"அப்ப வீட்டுக்கே போவோம்க்கா. அவுக வாயால கேட்டுட்டு எழுதுறேன்."

"சொல்லலன்னா?"

"செத்துருச்சுன்னு எழுதுறேன். நானே எழுதுறேன்."

அப்படித்தான் கூட்டம் மண்டபத்தை விட்டு வடக்கே கிளம்பியது. முன்னால் நோட்டும் கையுமாக அன்னமயில், அவள் பின்னால் ஆறு கண்மாய்கள், அப்புறம் நானூறு ஜனம், குடை பிடித்துக்கொண்டு கோட்டாட்சியர், கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டு சாம்பசிவம். கடைக்காரர்கள் கடை வாசலில் எழுந்து நின்றார்கள். எதிரே வந்த பஸ் ஓரங்கட்டி நின்றது, டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்று கும்பிட்டார். அந்த வழி நெடுகப் பெருவிரல் அகலத்துக்குக்கூட ஈரம் சிந்தவில்லை, ஒரு சொட்டுக்கூட இந்த ஊருக்கு என்று விழவில்லை, அவ்வளவு கவனமாக எடுத்துக்கொண்டு போயின.

கரை வந்தது. கண்மாய்கள் கரைமேல் ஏறி, உள்ளே இறங்காமல், வரிசையாக நின்றுகொண்டன. கீழே நூற்றுப்பத்து ஏக்கர், பாளம்பாளமாக வெடித்த மண், வெடிப்புக்குள் கை விட்டால் முழங்கை வரைக்கும் போகும், நடுவில் அளவெடுத்தவர்கள் நட்ட சிவப்புக் கொடிகள். காற்றுகூட இல்லை. கால்மணி நேரம் நின்றார்கள், அரைமணி நேரம் நின்றார்கள். கோட்டாட்சியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜனத்தில் ஒருவர் இருமியதற்குப் பத்துப் பேர் திரும்பி முறைத்தார்கள்.

அன்னமயில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினாள். மண் காலைச் சுட்டது. கொடிகளைத் தாண்டி நடுக்கண்மாய் வரைக்கும் நடந்துபோய், முட்டிபோட்டு உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். காலநிலைக்கும் கொள்கைக்கும் அவளிடம் எத்தனையோ சொற்கள் இருந்தன, இதற்கு ஒன்றுமில்லை.

"தெரியாம எழுதிட்டேன்" என்றாள் கடைசியில். "உன் பங்காளிக எல்லாம் வாசல்ல நிக்கிறாக. ஒரு வார்த்த சொல்லு."

ஒன்றும் இல்லை. அவள் கண்ணிலிருந்து வழிந்தது மூக்கு நுனியில் நின்று வெடிப்புக்குள் விழுந்தது, அதுவும் காய்ந்துபோனது. அவள் நோட்டைப் பிரித்து மடியில் வைத்தாள். செத்துருச்சு என்று எழுதித்தான் ஆக வேண்டும், சொன்ன சொல். பேனா மூடியைக் கழற்றினாள்.

அப்போது அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே, மண்ணுக்குள் எத்தனையோ அடி ஆழத்தில், பதினோரு வருடமாக வாயைத் திறக்காத ஒரு தவளை கத்தியது. கட்டைக்குரல், தூக்கத்தில் எழுப்பிவிட்ட குரல். கொஞ்ச நேரம் கழித்துக் கிழக்கே ஒன்று கத்தியது. அப்புறம் கலுங்குப் பக்கம், அப்புறம் மடைப்பக்கம், அப்புறம் கொடி நட்ட இடமெல்லாம், பத்து, நூறு, ஆயிரம், பல ஆயிரம், மேலே ஒரு பொட்டு ஈரமில்லாத வெயிலில் கண்மாய் முழுவதும் அடிமண்ணிலிருந்து ஒரே குரலாக எழும்பி வந்தது. தரை அதிர்ந்தது. சிவப்புக் கொடிகள் நடுங்கி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கரையில் நின்ற நானூறு பேரும் தங்களை அறியாமல் கையெடுத்தார்கள், கோட்டாட்சியர் குடையை மடக்கினார், கனி பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அழுதார். பயமா சந்தோஷமா என்று தெரியாமல் அன்னமயிலுக்கு ரோமம் சிலிர்த்துப்போனது, அவளுக்கு அந்த நேரத்தில் தன் பெயர்கூட ஞாபகத்தில் இல்லை.

"சொல்லிருச்சு" என்றாள் பஞ்சவர்ணம்.

"என்ன சொல்லிருச்சு?" என்று கேட்டார் கோட்டாட்சியர்.

"வாங்கன்னு சொல்லிருச்சு சார். காது கேக்கலையா?"

பெரியமடை முதலில் இறங்கியது. வெடிப்புகள் ஒவ்வொன்றும் வாய் திறந்து வாங்கிக்கொண்டன, மண் குடிக்கும் சத்தம் கரைவரை கேட்டது. அடுத்து நாரைகுடி. அடுத்து சாத்தனேந்தல், அதன் பின்னால் கடம்பங்கண்மாய். அன்னமயில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் எழுதினாள்: 'ஆவாரங்கண்மாய் நேரில் விசாரிக்கப்பட்டது. உயிருடன் உள்ளது. உறவினர்களை வரவேற்றது. முனையத்துக்கு எதிர்ப்பு உள்ளது.' தேதி போட்டாள், கையெழுத்துப் போட்டாள், தண்ணீர் இடுப்பைத் தொடும்போது நோட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையேறிக் கோட்டாட்சியரிடம் நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்து, கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

சாம்பசிவம் எட்டிப் படித்தார். முகம் கறுத்துப்போனது.

"அன்னமயில், யோசிச்சுத்தான் எழுதினியா? நான் சான்றிதழ் தர மாட்டேன். இந்த வருஷம் உனக்கு வைவா கிடையாது, பட்டமும் கிடையாது. ரெண்டு வருஷப் படிப்பும்மா."

அவள் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்மாய்க்குள் மூன்றாவது கொடி சாய்ந்து கிடந்த இடம்வரைக்கும் நீலம் ஏறியிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தெரியும் சார்" என்றாள். "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. உங்க பின்னால இன்னும் ரெண்டு பேரு நிக்கிறாக, உள்ள போகணும்."

சாம்பசிவம் திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்.